டுபாயிலிருந்து வந்த காய்ச்சல்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, நான் வேலையை விட்டிட்டு அங்கை வரட்டோ?" என்று கேட்டாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே மூட்டவில்லை. திரையில் உன் முகத்தைக் கண்டால் எனக்கு முதலில் வாயில் வருவது பொய்தான். எழுதும்போது அப்படி வராது என்று நினைத்து இதைத் தொடங்கியிருக்கிறேன். நீளமாக இருக்கும். ரயிலில் நின்றுகொண்டு வாசிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வாசி. கப்பலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் வல்வெட்டித்துறையில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களில் யாராவது கேட்டால் இதை அப்படியே வாசிக்கக் கொடுப்பேன். உனக்கும் அதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் உன் தம்பியைப் பற்றி. சேந்தன் முன் அறையில், கடல் பக்கத்து யன்னலோடு போட்ட கட்டிலில் இருக்கிறான். கண் திறந்திருக்கிறது. காற்றுக்கு யன்னல் அடித்தால் இமைக்கிறான். நான் கூப்பிட்டால் இமைப்பதில்லை. மூக்கு வழியே போட்ட குழாயில் மூன்று வேளையும் அரைத்துக் கரைத்து ஊற்றுகிறேன். கப்பலால் வந்த அன்று "அம்மா, இடியப்பமும் மீன் சொதியும் வேணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றவன். இப்போது அதே இடியப்பத்தையும் அதே சொதியையும் மிக்ஸியில் போட்டு வடித்து ஊற்றுகிறேன். அவனுக்கு உருசி தெரியாது என்று தாதி சொன்னாள். தெரியாவிட்டால் என்ன, வெறும் கஞ்சியை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பெரிய டொக்டர் கடைசியாகப் பார்த்தபோது, "அம்மா, இதுக்கு மேலை எதிர்பார்க்க வேண்டாம். பிடரியிலையும் முதுகிலையும் புண் வராமல் பாருங்கோ, அதுதான் இனி வைத்தியம்" என்றார். நல்ல மனிதர். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். இப்படிக் கிடந்தவர்கள் எழும்பினார்கள் என்று நீ அனுப்பும் கட்டுரைகளை எழுதுகிறவர்கள் யாரும் என் கண்ணைப் பார்த்து எழுதுவதில்லை.

நீ லீவில் வந்திருந்த ஆண்டு, குசினி மேசையில் நாங்கள் மூன்று பேரும் இருந்து கதைத்த பின்னேரத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். சேந்தனும் அப்போது கப்பலால் இறங்கி நின்றான். "அண்ணை, நீ அங்கை என்னதான் செய்யிறாய்? ஊரிலை கேட்டாச் சொல்லத் தெரியேல்லை" என்று அவன்தான் தொடங்கினான். நீ என் தோசைத் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாய். இதுதான் சிவப்பணு என்றாய். உள்ளே கருவும் இல்லை, புரதம் செய்கிற இடமும் இல்லை, சாமான் ஏற்றி இறக்குகிற ஆட்களும் இல்லை, ஆளில்லாத வீடு. மலேரியாக் கிருமி அதற்குள் நுழையும்போதே தன்னைச் சுற்றி ஒரு பையைக் கட்டிக்கொண்டுதான் நுழைகிறது. அந்தப் பைக்குள் இருந்துகொண்டு அது நூற்றுக்கணக்கான புரதங்களைச் செய்கிறது. சில அதன் உடம்புக்குள்ளேயே வெவ்வேறு அறைகளுக்குப் போகவேண்டும்: எங்கள் ஈமோகுளோபினைத் தின்று செரிக்கிற அறைக்குக் கொஞ்சம், எப்போதோ அதன் முன்னோர் விழுங்கிய பாசி ஒன்றின் மிச்சமாக இருக்கிற அறைக்குக் கொஞ்சம். மற்றவை அதன் தோலைத் தாண்டி, பையைத் தாண்டி, அந்த வெறும் வீட்டுக்குள் போய், வீட்டின் வெளிச்சுவர் வரைக்கும் போகவேண்டும். எது எங்கே போகவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் உன் வேலை என்றாய்.

சேந்தன் சிரித்தான். "உது எங்கடை வேலைதானே. பெட்டியிலை விலாசம் ஒட்டி ஏத்திறது." நீ இல்லை என்றாய். "விலாசம் இருக்குது. ஆனா வெளியிலை போற புரதத்துக்கு அந்த விலாசத்தை வழியிலையே ஒரு நொதியம் வெட்டிப்போடும். வெட்டினாத்தான் வெளியிலை போகலாம்." உன் தம்பி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு உன்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "விலாசம் வெட்டின பெட்டியை எந்தத் துறைமுகத்திலையும் ஏத்தமாட்டாங்கள். பிறகு அதை ஆர் அடையாளம் பிடிக்கிறது?" நீ மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாய். "உதைத்தான்ரா நாங்களும் தேடுறம்." அன்று நீ இருந்த சந்தோசத்தை உன் கலியாண வீட்டில்கூட நான் காணவில்லை, இதை மருமகளிடம் சொல்லாதே.

பிறகு அந்த வாசலைப் பற்றிச் சொன்னாய். பையின் சுவரில் ஒரு துளை இருக்கிறது, மிகவும் ஒடுக்கமானது, மடிந்து சுருண்டு கிடக்கிற புரதம் அதற்குள்ளால் போகாது. ஆகவே அந்த வாசலில் நிற்கிற இயந்திரம் ஒன்று புரதத்தை ஒரு நுனியில் பிடித்து இழுத்து, மடிப்பை எல்லாம் அவிழ்த்து, ஒரு நூலாக்கி உள்ளே விடும்; மற்றப் பக்கம் போனதும் அது பழையபடி மடிந்துகொள்ளும். நான் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடுகிறவள், எனக்கு அது உடனே விளங்கியது. முப்பது வருசம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன், மலேரியா என்றால் அனோபிலிஸ் நுளம்பு, தேங்கிய தண்ணீர், வலை, குளோரோகுயின் குளிசை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். இவ்வளவு வேலை அதற்குள் நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. "அந்த வாசலை அடைச்சால்?" என்று கேட்டேன். "கிருமி தன்ரை பைக்குள்ளேயே கிடந்து செத்துப்போகும்" என்றாய். "அடைக்க ஏலுமோ?" என்றதற்கு, "பரிசோதனைச் சாலையிலை ஏலும். மனிசருக்கு மருந்தாக வர எவ்வளவு காலம் எண்டு தெரியாது" என்றாய். தெரியாது என்று சொன்னதற்காக எனக்கு உன்னில் மரியாதை கூடியது. எனக்கு இப்போதும் அந்த மரியாதை இருக்கிறது, அதை இந்தக் கடிதத்தின் முடிவுவரை நீ நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி டுபாய்க்கு வருகிறேன். உன் அப்பா கடலில் இருந்த காலம் முழுவதும் அவர் போன ஊருக்கெல்லாம் ஒரே பெயர்தான்: சிங்கப்பூர். எந்தக் கப்பல், எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் சிங்கப்பூர். ஒருமுறை பெட்டியைத் திறந்து உடுப்பு எடுக்கும்போது கருங்காலியில் செதுக்கிய ஒரு தலை அகப்பட்டது, நீண்ட கழுத்தும் தடித்த உதடும் காதில் வளையமுமாக. "சிங்கப்பூரிலை இப்பிடியும் செய்வினமோ?" என்று கேட்டேன். "செய்வினம்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் அதைத் துடைத்து அலுமாரியில் வைத்தேன். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கடலுக்குப் போகிறவன் பெண்சாதிக்கும் தாய்க்கும் பயமில்லாத ஒரு ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவான், அவர்களும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வருவார்கள். பொய் என்று தெரியாமல் இருப்பதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எங்கள் பங்கு. உன் அப்பா காலமானபோது அவர் உண்மையில் எங்கெல்லாம் போனார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

சேந்தனுக்கு அது டுபாய். கப்பலில் ஏறும்போதும் டுபாய், இறங்கும்போதும் டுபாய். இந்த முறை மாரி தொடங்கின கையோடு வந்தான். வந்து ஒரு கிழமைக்கு மேல் நன்றாக இருந்தான். பிறகு பின்னேரத்தில் குளிர்கிறது என்று போர்த்துக்கொண்டு படுத்தான். ஊர் முழுக்க டெங்கு. பக்கத்து ஒழுங்கையில் நுளம்புப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொடுத்தேன். இரத்தம் சோதித்தால் பிளேட்லெட் இறங்கியிருக்கிறது என்றார்கள், ஆகவே டெங்குதான் என்று எல்லோருக்கும் நிச்சயமானது. மலேரியாவிலும் அது இறங்கும் என்று நீ பிறகு சொன்னாய். ஆஸ்பத்திரியில் பார்த்த இளம் டொக்டரைக் குறை சொல்லாதே, அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். "வெளிநாட்டாலை வந்தவரோ? எங்கையிருந்து?" சேந்தன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நான் பக்கத்தில் நின்றேன். "டுபாயாலை வந்தவன், டொக்டர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டுபாயில் மலேரியா இல்லை என்று அவருக்குத் தெரியும், எங்கள் நாட்டிலும் இப்போது மலேரியா இல்லை என்று தெரியும். பிறகு எதற்கு அவர் அதை நினைக்கப்போகிறார்? சேந்தன் என் சத்தத்தைக் கேட்டிருப்பான். ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் எத்தனையோ தரம் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். நான் பக்கத்தில் நின்றதால்தான் என்று நினைக்கிறேன். நான் ஒரு நிமிசம் வெளியே போய் நின்றிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

எனக்கு மலேரியாவைத் தெரியாதது போலவும் நீ நினைக்காதே. இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் எனக்கே வந்தது. பல்லும் பல்லும் அடிபட நடுங்கி, நாலு சாக்கைப் போட்டு மூடியும் குளிர் போகாமல், பிறகு வியர்த்துக் கொட்டி, அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போல எழும்பித் தண்ணீர் அள்ளப் போனேன். அது வேறு இனம், இவ்வளவு கொல்லாது என்று நீ விளக்கினாய். அந்த நினைவுதான் எனக்குக் கெடுதலாக முடிந்தது. மலேரியா என்றால் நடுங்கி விட்டுப்போகிற காய்ச்சல், அதுவும் நாட்டை விட்டே போய்விட்ட காய்ச்சல் என்று என் மனதில் பதிந்திருந்தது. நாட்டில் இனி மலேரியா இல்லை என்று அறிவித்த பிறகு வகுப்பில் அந்தப் பக்கத்தை நான் சும்மா புரட்டிவிட்டுப் போனேன்.

உன் போன்களுக்கு நான் சொன்ன பொய்களை இங்கே எழுதுகிறேன், உனக்குத் தெரியும் என்றாலும். முதல்நாள் எடுத்தாய், "அவன் நித்திரை, ராசா. பின்னேரம் எடுக்கச் சொல்லுறன்." அடுத்தநாள் எடுத்தாய், "கோயிலடிக்குப் போட்டான், போனை விட்டிட்டுப் போட்டான்." அப்போது நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். பின்னால் யாரோ ட்ரொலி தள்ளிக்கொண்டு போன சத்தம் உனக்குக் கேட்டது, என்ன சத்தம் என்று கேட்டாய், ஒழுங்கையில் வண்டி போகுது என்றேன். வந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் "உவன் பெரியவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தனியக் கிடந்து தவிப்பான்" என்று நானே சொல்லி வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு இங்கத்தைய காய்ச்சலைச் சொல்லக்கூடாது, சா வீட்டைக்கூட எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்லவேண்டும். இந்தத் தீபகற்பத்தில் இதைச் செய்யாத தாய் இருந்தால் எனக்குக் காட்டு. உலகத்தில் இந்தக் காய்ச்சலைப் பற்றி நன்றாகத் தெரிந்த சில பேரில் ஒருவன் என் வயிற்றில் பிறந்தவன், அவனுக்குத்தான் நான் அதை மறைத்தேன்.

மூன்றாம் தரம் நீ எடுத்தபோது சேந்தன் என்னைத் தெரியாமல் உளறத் தொடங்கியிருந்தான். என்னால் குரலைச் சரிப்படுத்த முடியவில்லை. "தம்பிக்குக் காய்ச்சல் ராசா, டெங்குவாம்" என்றேன். "அம்மா, வந்த இடத்தை டொக்டருக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டாய். "ஓம், டுபாய் எண்டு சொன்னனான்." "அம்மா, அவன் டுபாயிலை இருக்கேல்லை. மேற்கு ஆபிரிக்காக் கரையிலை நிண்டவன். ஆறு மாசமும் அங்கைதான். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்." நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "போனை டொக்டரிட்டைக் குடுங்கோ" என்று நீ சொன்னதும், நான் செருப்பில்லாமல் அந்த விறாந்தையில் ஓடியதும் நினைவிருக்கிறது. அந்த இளம் டொக்டர் உன்னோடு பேசிக்கொண்டே கையால் தாதியைக் கூப்பிட்டார். விரலில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள். மருந்தும் வந்து சேர்ந்தது, யாரும் தாமதிக்கவில்லை. அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. வலிப்பு நின்ற பிறகு அவன் திரும்பவும் எங்களிடம் வரவில்லை.

நீ விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அவன் இரத்தத்தில் கிருமியே இல்லை. காய்ச்சலும் இல்லை. சுகம் என்று எழுதக்கூடிய அளவுக்கு எல்லாம் சரியாக இருந்தது, அவனைத் தவிர. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ எனக்கு என்ன நடந்தது என்று சொன்னாய், நான்தான் கேட்டேன். விலாசம் வெட்டி, நூலாக்கி, வாசலால் இழுத்து விட்ட அந்தப் புரதங்கள் வெறும் வீட்டுக்குள் போய்த் தட்டையான சிறு பைகளைக் கட்டுகின்றன. அங்கேயிருந்து வெளிச்சுவருக்குப் போய்ச் சிறு முடிச்சுகளை எழுப்புகின்றன. அந்த முடிச்சில் ஒட்டுகிற புரதம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது இரத்தக் குழாயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தோடு ஓடினால் மண்ணீரல் வடித்து அழித்துவிடும் என்று கிருமிக்குப் பயம், ஆகவே ஓடாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படி உன் தம்பியின் மூளைக்குள் மயிரிலும் மெல்லிய குழாய்களில் ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துக்கொண்டு நின்றன. விரலில் எடுத்த இரத்தத்தில் அவ்வளவு கிருமி தெரியாததற்கும் அதுதான் காரணம் என்றாய். மருந்து அவற்றைக் கொன்றது, ஆனால் அவை அடைத்து வைத்திருந்த நேரத்தை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. நீ இதைச் சொல்லும்போது உன் குரல் பாடம் சொல்வது போல நேராக இருந்தது. பிறகு நீ வெளியே போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்ததை நான் யன்னலால் கண்டேன். நீ எனக்கு ஒளித்தாய், நானும் காணாதது போல இருந்துவிட்டேன். பார், அப்போதும் நாங்கள் திருந்தவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கியது, ராசா. ஒவ்வொரு படியும் விளங்கியது. விளங்கியதால் ஒரு பிரயோசனமும் வரவில்லை. விளங்காத தாய் விதி என்று சொல்லிவிட்டு அழுவாள், எனக்கு அந்தச் சொல்லும் வாயில் வருவதில்லை.

நீ திரும்பிப் போன பிறகு ஒரு போனில் கேட்டாய், "அம்மா, உங்களுக்கு என்னிலை கோபமோ?" என்று. இல்லை என்று சொன்னேன். அதுவும் உண்மை இல்லை. கோபம் இருக்கிறது. அவன் எந்தக் கரையில் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டு, அங்கே என்ன காய்ச்சல் என்றும் தெரிந்துகொண்டு, அது வராமல் தடுக்கிற குளிசையைப் போடு என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாய். அவன் அந்தக் குளிசையைத் தலை சுத்துகிறது என்று விட்டுவிட்டான். என்னில் எனக்கு இருக்கும் கோபம் இதைவிடப் பெரியது, அவனில் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரியது. சில நாட்களில் குழாயைக் கழுவிக்கொண்டே அவனைத் திட்டுகிறேன். கோபத்தை வைத்துக்கொண்டே நான் உங்கள் இரண்டு பேருக்கும் தாயாக இருக்கிறேன். உனக்கு மன்னிப்புத் தர என்னிடம் இருந்தால் தந்திருப்பேன், அதைத் தேடி நீ இங்கே வரவேண்டாம்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கை பவளக்காவின் மகன் கண்ணன் கப்பலால் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, சேந்தனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன். அவன் வாசலில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டு நின்றான். பவளக்காவிடம் எங்கே நின்று வருகிறான் என்று கேட்டேன். "டுபாய்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. "பவளம், என்ரை பிள்ளை கிடக்கிற கிடையைக் கண்டும் நீ டுபாய் எண்டு சொல்லுறியோ?" என்றேன். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. "அவன் சொன்னதைத்தானே நான் சொல்லுறன். நீங்கள் என்ன, நல்ல நாளிலை வந்து பிள்ளைக்கு வாய் வைக்கிறியள்" என்றாள். கண்ணன் சிரித்துக்கொண்டு, "ஓம் ரீச்சர், இரத்தம் சோதிக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றான். அவன் போகவில்லை. அவனுக்கு ஒன்றும் வரவும் இல்லை. விடுமுறை முடிந்து, கோயிலில் நூல் கட்டிக்கொண்டு திரும்பவும் கப்பலுக்குப் போய்விட்டான். பவளக்கா இப்போது என்னோடு கதைப்பதில்லை. அந்த வீட்டாரைப் பொறுத்தவரை அவள் சொன்னதுதான் சரி, நான்தான் பிள்ளையால் புத்தி பேதலித்த கிழவி. இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கொடுப்பேன்.

இனி நீ எனக்கு நம்பிக்கை அனுப்பாதே. அங்கே யாரோ ஒருவர் இரண்டு வருசத்துக்குப் பிறகு விரலை அசைத்தார், இன்ன நாட்டில் இன்ன மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று நீ அனுப்புவதை எல்லாம் நான் வாசித்துவிட்டு, அன்று முழுக்க அவன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தநாள் எழும்ப முடிவதில்லை. உனக்கு ஏதாவது செய்யவேண்டும் போல இருக்கும், விளங்குகிறது. ஆனால் அதற்கான விலையை இங்கே நான்தான் கொடுக்கிறேன்.

உன் கேள்விக்கு இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது வேறு பதில் வைத்திருந்தேன். வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ வந்தாலும் அவன் உன்னை அறியமாட்டான், அங்கே நீ செய்கிற வேலையை இங்கே எந்த இடத்திலும் செய்ய முடியாது, அந்த வாசலை அடைக்கிற வழியை நீங்கள் கண்டுபிடித்தால் ஆபிரிக்காவில் எத்தனையோ சின்னஞ்சிறுசுகள் பிழைக்கும், அதுகளின் தாய்மாரும் என்னைப் போலத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆகவே நீ அங்கேயே இரு என்று நல்ல தமிழில் எழுதி முடித்திருப்பேன். நீயும் பெருமையோடு எடுத்து வைத்திருப்பாய். அதை எழுதினால் நான் திரும்பவும் உனக்கு "அவன் நித்திரை, ராசா" என்று சொன்னதாக முடியும்.

நடந்தது இதுதான். நீ கேட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் விடிய, சேந்தனைப் பக்கம் புரட்டிப் படுக்க வைக்கப் போனேன். அவன் மெலிந்துவிட்டான் என்றாலும் என் கைக்கு இன்னும் பாரம்தான். பிடி விட்டுவிட்டது. அவன் கட்டிலால் வழுக்கி என்மேல் விழுந்தான், நானும் விழுந்தேன், என் இடுப்பு அவனுக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது. குழாய் கழன்று கிடந்தது. கத்திப் பார்த்தேன், கடல் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மீன்காரன் வந்து படலையில் மணி அடிக்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நிலத்தில் கிடந்தோம். அவன் முகம் என் கழுத்தில் இருந்தது, மூச்சு சூடாக அடித்தது. சின்னப் பிள்ளையில் அப்படித்தான் படுப்பான். அப்படிக் கிடந்தபோது எனக்கு வந்த யோசனையை இங்கே எழுதுகிறேன்: இப்படியே இரண்டு பேரும் போய்விட்டால் நல்லது என்று யோசித்தேன். அது ஒரு முறை வந்த யோசனை இல்லை. இப்போது காலையில் அவனுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் வருகிறது. எனக்கு அதில் பயம் வருவதும் குறைந்துகொண்டு போகிறது. இடுப்பு நோவால் இன்னும் நிமிர முடியவில்லை. அவனைப் பார்க்கக் கூலிக்கு வைத்த இரண்டு பேரும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் நான் கதிரையை விட்டு எழும்பாமல் கதைத்ததற்குக் காரணம் அந்த இடுப்பு நோவுதான்.

நீ வந்தால் உன் வேலை போய்விடும், நீ விட்ட இடத்தில் யாரும் உனக்காகக் காத்திருக்கமாட்டார்கள். மருமகளுக்கும் இது பெரிய அநியாயம். ஆபிரிக்காவில் இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் நான் செய்வது என்ன என்று எனக்குத் தெரியும், உன் வேலையை விளங்காத தாய் என்றால் இலேசாகக் கூப்பிட்டிருப்பாள். வந்தும் நீ இங்கே ஒன்றையும் மாற்றப்போவதில்லை. அவனைப் புரட்டுவாய், கழுவுவாய், நான் போன பிறகும் அதையே செய்துகொண்டிருப்பாய்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு வா, ராசா. என்னால் ஏலாது.

அம்மா